கிலோக் கணக்கில் போகும் வரலாறு: துணைவேந்தருக்கும் ஆட்சிக்குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மாண்பமை துணைவேந்தர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

பழைய நிர்வாகக் கட்டடத்தின் தரைத்தளப் பதிவறையைக் காலி செய்து, அங்குள்ள தாள்களை எடை போட்டு விற்க ஒப்பந்தப்புள்ளி கோரியிருக்கிறீர்கள். அறிவிப்பைப் படித்தேன். திருத்தி முடித்த விடைத்தாள்கள், மிஞ்சிய வினாத்தாள்கள், பயன்படாத விண்ணப்பப் படிவங்கள் ஆகியவற்றோடு பதிவறைக் கோப்புகளும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. எந்தப் பிரிவின் கோப்புகள், எந்த ஆண்டுகளைச் சேர்ந்தவை, பிரித்துப் பார்த்தவர் யார், அழிக்கலாம் என்று கையெழுத்திட்டவர் யார் என்ற விவரம் ஒன்றுமில்லை. கிலோவுக்கு என்ன விலை என்று எழுத மட்டும் இடம் விட்டிருக்கிறது.

இந்த அறிவிப்பு வெளியான அதே வாரத்தில்தான் விழா அரங்கில் பல்கலைக்கழக வரலாற்றுக் கண்காட்சியைத் திறந்துவைத்தீர்கள். வரலாற்றுக்கு ரிப்பன் வெட்டிய கை அதைத் தராசிலும் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

பல்கலைக்கழகத்தின் பெயரை இந்த மடலில் எழுதவில்லை. அச்சம் காரணமன்று. இது தமக்குத்தான் எழுதப்பட்டது என்று நினைத்துக்கொள்ளக்கூடிய துணைவேந்தர் அலுவலகங்கள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. எல்லோரும் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும்.

அந்தப் பதிவறையில் பல ஆண்டுகள் பணியாற்றி, அங்கிருந்தே கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவள் நான். முன்பெல்லாம் பெண்களை அங்கே அனுப்பமாட்டார்கள். தூசி, இருட்டு, பாம்பு என்று காரணம் சொல்வார்கள். ஒரு மேலதிகாரி கேட்டபடி குறிப்பு எழுத மறுத்தபோது அந்தக் காரணங்கள் எல்லாம் ஒரே நாளில் மறைந்து, என்னை அங்கே மாற்றும் ஆணை வந்துவிட்டது. தூசியும் இருட்டும் உண்மைதான். பாம்பைக் கடைசிவரை நான் பார்க்கவில்லை.

வெள்ளையர் காலத்திலிருந்து நம் மாநில அலுவலகங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கோப்பு முடியும்போதே அதன் ஆயுளையும் எழுதிவிட வேண்டும். எல்.டிஸ். என்றால் ஓராண்டு, கே.டிஸ். என்றால் மூன்றாண்டு, டி.டிஸ். என்றால் பத்தாண்டு, ஆர்.டிஸ். என்றால் என்றென்றைக்கும். நம் பல்கலைக்கழகமும் இந்த வழக்கத்தையே எடுத்துக்கொண்டது. எந்த எழுத்தர் எந்தக் கோப்பை எப்படி முடித்தார் என்பது பதிவேட்டில் இருக்கும். ஆயுள் முடிந்த கோப்புகளைப் பட்டியலிட்டு, பிரிவு அலுவலரின் ஒப்புதல் பெற்று, கிழித்து, அதன் பிறகுதான் வெளியே அனுப்புவோம். எல்லாத் தாளையும் காப்பாற்று என்று கேட்பவர்கள் பதிவறையில் ஒரு மழைக்காலத்தைக் கழித்திராதவர்கள். நானே என் பணிக்காலத்தில் வண்டி வண்டியாக அழிக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். விடைத்தாளை விற்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. நிரந்தரமாக வைக்க வேண்டும் என்று உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் கையெழுத்திட்டு மூடிய கோப்பை, அதைத் திறந்துகூடப் பார்க்காமல் எடை போடுகிறீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

அந்த அறையில் என்ன இருக்கிறது என்று இன்றைய நிர்வாகத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஆகவே சிலவற்றைச் சொல்கிறேன்.

வளாகத்துக்கு நிலம் எடுத்த கோப்புகள் இரண்டு ரேக்குகள் நிறைய இருக்கின்றன. புல எண் வாரியாக நிலம் கொடுத்தவர்களின் பெயர்கள், கிணறு எத்தனை, புளியமரம் எத்தனை, எதற்கு எவ்வளவு இழப்பீடு, யார் கூடுதலாகக் கேட்டு மனுக் கொடுத்தார்கள், அந்த மனுவின்மேல் என்ன எழுதினார்கள் எல்லாம் அதில் உண்டு. கைநாட்டு வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று நம் வளாகத்திலேயே ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களாக இருக்கிறார்கள். நிலம் கொடுத்த குடும்பத்துக்கு வேலை தருவதாக ஏதேனும் எழுத்தில் வாக்களிக்கப்பட்டதா என்று அவர்கள் கேட்டால், பதில் அந்த ரேக்கில்தான் இருக்கிறது. அதை விற்றுவிட்டால் கேள்வி மட்டும் மிஞ்சும். அதுதான் சிலருக்கு வசதியோ என்று நினைக்கவும் தோன்றுகிறது. அப்படி இல்லை என்றால் நிரூபிப்பது எளிது.

அதே நிலக் கோப்புகளில் ஒரு வரைபடம் இருக்கிறது. இப்போதைய விளையாட்டுத் திடலின் குறுக்கே ஓர் ஓடை போவதை அதில் நீலக் கோடாகக் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வோர் ஐப்பசியிலும் திடலில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, ஒவ்வோர் ஆண்டும் மோட்டார் வைத்து இறைக்கிறீர்கள். புதிய உள்விளையாட்டு அரங்கத்தின் அடித்தளம் இறங்கியபோது ஆலோசகர்களை வரவழைத்து மண்ணைச் சோதித்தீர்கள். வரைபடத்தைக் கேட்டு எவரும் பதிவறைக்கு வரவில்லை. பழைய தாளால் பயனில்லை என்று சொல்பவர்களுக்கு இந்த மோட்டார் வாடகைக் கணக்கை அனுப்பிவைக்கலாம்.

விடுதிச் சேர்க்கைப் பதிவேடுகள் இருக்கின்றன. எந்த ஊரிலிருந்து, எந்தத் தொழில் செய்யும் வீட்டிலிருந்து, எந்த ஆண்டில் முதல் பிள்ளை இங்கே படிக்க வந்தது என்று அவற்றைப் புரட்டினாலே இந்த வட்டாரத்தின் சமூக வரலாற்றில் பாதி தெரிந்துவிடும். விடுதி உணவுக்குழுவின் குறிப்பேடுகள் இருக்கின்றன. அரிசி விலை ஏறியபோது எந்த நாளில் எதைக் குறைத்தார்கள், அதற்கு மாணவர்கள் என்ன சொன்னார்கள் என்று வரிக்கு வரி எழுதியிருக்கிறார்கள். கட்டணம் கட்ட அவகாசம் கேட்டுத் தந்தையர் எழுதிய அஞ்சலட்டைகள் ஒரு கட்டு. வேலைநிறுத்தக் காலத்தில் ஸ்டென்சில் வெட்டிச் சுழலச்சில் எடுத்த துண்டறிக்கைகள், அவற்றைச் சாட்சியமாக இணைத்த இடைநீக்க ஆணைகள், பின்னர் அந்த ஆணைகளை நீக்கிய குறிப்புகள் ஒரு கட்டு. முதல் கட்டடங்கள் எழுந்தபோது சித்தாள்களுக்கும் கொத்தனார்களுக்கும் கூலி கொடுத்த மஸ்டர் ரோல்கள். ஆட்சிக்குழுவின் தொடக்ககாலக் கூட்டக் குறிப்புகள், ஓரங்களில் பதிவாளரின் பச்சை மைக் குறிப்புகளோடு.

இனிக் கண்காட்சிக்கு வருகிறேன்.

போனேன், முழுவதும் பார்த்தேன். துணைவேந்தர்களின் படங்கள் வரிசையாக ஃபிளெக்ஸ் பேனரில். அமைச்சர்கள் அடிக்கல் நாட்டும் படங்கள். கட்டடங்களின் வானூர்திப் பார்வை. தேசிய மதிப்பீட்டில் பெற்ற தரம் தங்க நிற எழுத்தில். பட்டமளிப்பு விழாப் படம் ஒன்றின்கீழ் போட்டிருந்த ஆண்டில் அந்த அரங்கமே கட்டப்படவில்லை. பின்னால் தெரியும் தூண்களே அதற்குச் சாட்சி. மூல ஆவணம் என்று ஒன்றே ஒன்று வைத்திருந்தீர்கள், தொடக்க விழா அழைப்பிதழ். அதையும் லேமினேஷன் செய்துவிட்டார்கள். சூடும் பசையும் ஏறிய தாளை அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து இனிப் பிரிக்க முடியாது. எந்த ஆவணக் காப்பாளரைக் கேட்டிருந்தாலும் வேண்டாம் என்று கைகூப்பியிருப்பார். மாணவர்கள் வந்தார்கள், வாசலில் வைத்த பெரிய எழுத்துகளின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே நின்று படிப்பதற்கோ கேட்பதற்கோ எதுவும் இல்லை.

இதே வளாகத்தில் வேறு மாதிரியும் ஒருமுறை நடந்திருக்கிறது. நான் பணியில் இருந்தபோது, நூலக உதவியாளர் ஒருவரும் நானும் வரலாற்றுத் துறை ஆய்வு மாணவர்கள் சிலரும் சேர்ந்து, நூலகத்தின் தரைத்தளத்தில் நான்கைந்து மேசைகளைப் போட்டோம். கழற்றி வைத்திருந்த பழைய புத்தக அலமாரிக் கதவுகளின் கண்ணாடிகளே எங்களுக்குக் காட்சிப் பெட்டி. நிலக் கோப்பிலிருந்து வரைபடம், உணவுக்குழுக் குறிப்பேட்டின் ஒரு பக்கம், மஸ்டர் ரோலில் இரண்டு தாள்கள், துண்டறிக்கைகள், குழுப் படங்கள். வெயில் படாமல் திரை போட்டோம். ஒவ்வொரு மேசையிலும் வெள்ளைத் தாளும் பென்சிலும் வைத்து, தெரிந்ததை எழுதிப் போடுங்கள் என்று சொன்னோம். பேனாவுக்கு அனுமதி இல்லை. செலவு என்று சொன்னால் திரைத்துணியும் தேநீரும்தான்.

குழுப் படங்களைப் பற்றி அங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. எல்லாக் குழுப் படங்களிலும் நாற்காலியில் அமர்ந்திருப்பவர்களின் பெயர்கள் இடமிருந்து வலமாக அச்சாகியிருக்கும். நிற்பவர்களில் மாணவர்களின் பெயர்கள் சில படங்களில் இருக்கும். ஓரத்தில் காக்கிச் சட்டையோடு நிற்பவர், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பவர், ஆய்வகக் கதவைப் பிடித்துக்கொண்டு பாதி முகம் மட்டும் தெரிபவர், இவர்களுக்குப் பெயரே கிடையாது. கண்காட்சியின் இரண்டாம் நாள் பிற்பகலில் விடுதிச் சமையல்கூடத்தில் வேலை செய்த பெரியவர் ஒருவர் வந்தார். வேதியியல் துறையின் ஒரு படத்தின் முன் நின்றார். ஓரத்தில் நின்றவரைக் காட்டி, "இவர் எங்கள் அண்ணன், கண்ணாடி ஊதுவார்" என்றார். ஆய்வகத்துக்கு வேண்டிய கண்ணாடிக் குழாய்களையும் குடுவைகளையும் அந்தக் காலத்தில் வெளியூரிலிருந்து வாங்காமல் இங்கேயே ஊதிச் செய்துகொண்டிருந்தார்கள் என்பது நாங்கள் கண்காட்சி நடத்தியபோது அந்தத் துறையில் இருந்த பேராசிரியர்களுக்கே தெரியாது. பெரியவருக்கு எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல ஒரு மாணவி எழுதினாள். பிறகு அந்தத் துறையின் கொள்முதல் கோப்பைப் புரட்டியபோது, கண்ணாடிக் குழாயும் வாயு அடுப்பும் வாங்கிய பட்டியல்கள் அவர் சொன்னதோடு அப்படியே பொருந்தின.

ஆவணமும் கண்காட்சியும் ஒன்றுக்கொன்று எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம். தாளில் இல்லாததை வந்து பார்ப்பவர் சொல்கிறார். அவர் சொல்வதை வேறொரு தாள் உறுதி செய்கிறது. கோப்பு இருந்தால்தான் இது நடக்கும். மக்களுக்கு முன்னால் அது விரிக்கப்பட்டால்தான் நடக்கும். ஃபிளெக்ஸ் பேனரிடம் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை.

அடுத்த ஆண்டு மீண்டும் நடத்த அனுமதி கேட்டு எழுதினோம். தணிக்கையில் ஆட்சேபணை வரும் என்று கோப்பு திரும்பி வந்தது. எந்த விதியின்கீழ் என்று கேட்டதற்கு இன்றுவரை பதிலில்லை. நிரப்பப்பட்ட அந்த வெள்ளைத் தாள்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, பதிவேட்டில் எண் எழுதி, நானே உள்ளே வைத்தேன். அதுவும் உங்கள் எடைக் கணக்கில் சேர்ந்திருக்கிறது.

சாதாரண அலுவலகத் தாள் எவ்வளவு பெறும் என்பதற்கு நம் நாட்டுப் பல்கலைக்கழக வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெறாத, துறைமுகத்தில் எழுத்தராக இருந்த இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த வேலையைப் பற்றி அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுமுன் மூன்று அறிக்கைகள் கொடுத்தார். அலுவலக மொழியில் சொன்னால், உதவித்தொகைக் கோப்பில் இணைக்கப்பட்ட காலாண்டு அறிக்கைகள்; நம் பதிவறையில் இருந்திருந்தால் மூன்றாண்டுக் கோப்பு என்று யாரேனும் முடித்துவிட்டிருப்பார்கள். அந்த மூல அறிக்கைகள் இன்று இல்லை, தொலைந்துவிட்டன. 1925-இல் ஒருவர் கையால் படி எடுத்து வைத்திருந்ததால்தான் பின்னால் வந்த கணித அறிஞர்கள் அவற்றைப் படிக்க முடிந்தது.

அவருடைய கடைசிக் காலத்துத் தாள்கள் பிழைத்த கதை இன்னும் நெஞ்சை அடைப்பது. அவை இங்கிலாந்தில் வாட்சன் என்ற கணித அறிஞரிடம் போய்ச் சேர்ந்திருந்தன. 1965-இல் வாட்சன் இறந்தபோது அவருடைய அறையின் தரை முழுவதும் ஓர் அடி உயரத்துக்குத் தாள்கள் கலைந்து கிடந்தன. இன்னும் சில நாள்களில் எரித்துவிடுவதாக இருந்தார்கள். பார்க்க வந்த சக அறிஞர்கள் பொறுக்கி எடுத்து கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்கு அனுப்பினார்கள். 1976-இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அந்தப் பெட்டியைத் திறந்தபோது, இராமானுஜனின் கையெழுத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் இருந்தன. கணித உலகம் இன்றும் அவற்றில் வேலை செய்துகொண்டிருக்கிறது. நம் பதிவறையில் ஓர் இராமானுஜன் இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று சொல்ல உங்களாலும் முடியாது, ஏனென்றால் பார்க்கவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்தவர்கள். அவர்களில் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை, பட்டத்தை வாங்கிக்கொண்டு உத்தியோகத்தோடு நின்றுவிடவில்லை. தொட்டால் ஒடியும் ஏடுகளைத் தேடி அலைந்து, தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். நம் உயர்கல்வியின் முதல் தலைமுறை அப்படித் தொடங்கியிருக்கிறது. கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, புத்தகங்களோடு அழைப்பிதழ்களையும் துண்டு விளம்பரங்களையும்கூட விடாமல் சேர்த்துவைத்தார். அவர் மறைந்த பிறகு 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, சென்னையிலேயே நூலகமாக இருக்கச் செய்தது. ஒரு தனிமனிதர் தம் வீட்டு அறைகளில் செய்ததைச் செய்ய, ஆட்சிக்குழுவும் பதிவாளரும் நிதி அலுவலரும் உள்ள நிறுவனத்தால் முடியாதா?

முடியும் என்று காட்டியவர்களும் அருகிலேயே இருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி. 2006-இல் தன் மரபு மையத்தைத் திறந்தது. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் தன் நூற்றாண்டையொட்டி ஆவணங்களுக்கென்றே ஒரு பிரிவை அமைத்தது. அதே ஊரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் 2019-இல் ஆவணக் காப்பகத்தைத் திறந்து, பொதுமக்களுக்கான தொடர் சொற்பொழிவுகளையும் நடத்துகிறது. அறிவியல் ஆய்வே தலையாய வேலையாக உள்ள இடங்கள் அவை. தமிழ்த் துறையும் வரலாற்றுத் துறையும் வைத்துக்கொண்டு நாம் தராசைத் தேடுகிறோம்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தாயிற்று, தாள் எதற்கு என்று பதிவாளர் அலுவலகத்தில் சொல்கிறார்கள். அந்த ஸ்கேன்களை நான் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தக்காரர் கோப்புகளின் நூலை அறுத்து, ஒரு பக்கத்தை மட்டும் படம் எடுத்துவிட்டுப் போனார். பின்பக்கத்தில் இருந்த குறிப்புகள் இல்லை. ஓரத்தில் எழுதியவை வெட்டுப்பட்டிருக்கின்றன. கணினியில் அவற்றின் பெயர்கள் வெறும் வரிசை எண்கள். எந்த எண் எந்தக் கோப்பு என்ற அட்டவணை இல்லை. நிலக் கோப்பின் வரைபடம் மடித்தபடியே ஸ்கேன் ஆகியிருக்கிறது, ஓடை மடிப்புக்குள் போய்விட்டது. ஸ்கேன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாளைத் தொடாமல் பலர் படிக்க அது நல்ல வழி. மூலத்தை விற்பதற்கு அதைச் சாக்காக்க வேண்டாம்.

இன்னொரு மறுப்பில் நியாயம் இருக்கிறது. மாணவர்களின் மதிப்பெண்கள், சாதிச் சான்றுகள், ஒழுங்கு நடவடிக்கைகள், மருத்துவ விடுப்பு மனுக்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. திறந்துவிட்டால் உயிரோடிருப்பவர்களின் மானம் என்ன ஆவது என்று ஒரு பேராசிரியர் கேட்டார். சரியான கேள்வி. ஆவணக் காப்பகங்கள் இதற்கு என்றோ வழி கண்டுவிட்டன. எந்த வகைக் கோப்பை எத்தனை ஆண்டு மூடிவைப்பது, யாருக்கு எந்த நிபந்தனையில் காட்டுவது என்று விதி வகுத்துக்கொள்கிறார்கள். அதே தாள்களை முழுசாகக் கழிவுத்தாள் வியாபாரியிடம் கொடுத்தால், யாருடைய சாதிச் சான்று எந்தக் கடையில் வடை மடிக்கப் போகும் என்று எவருக்குத் தெரியும்?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 4(1)(அ), ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் ஆவணங்கள் அனைத்தையும் முறையாகப் பட்டியலிட்டு அட்டவணைப்படுத்திப் பராமரிக்க வேண்டும் என்கிறது. மாநிலப் பல்கலைக்கழகம் அதற்கு விலக்கல்ல. அதே சட்டத்தின் பிரிவு 8(3), இருபது ஆண்டுக்கு முந்தைய நிகழ்வுகள் பற்றிய தகவலை, சில விலக்குகள் தவிர, கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. தாளை விற்றுவிட்டு எதைக் கொடுப்பீர்கள்? மத்திய அரசின் 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம், விதியை மீறி ஆவணத்தை அழிப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ என்று வைத்திருக்கிறது. அது மத்திய அரசு அமைப்புகளுக்கானது, நமக்குப் பொருந்தாது என்று உங்கள் சட்டப்பிரிவு சொல்லும். இருக்கட்டும். ஓர் ஆவணத்தை அழிப்பதை இந்த நாட்டின் சட்டம் எவ்வளவு பெரிய குற்றமாகப் பார்க்கிறது என்பதாவது தெரிந்திருக்கட்டும்.

என் கோரிக்கைகள் இவை.

முதலாவது, ஒப்பந்தப்புள்ளியிலிருந்து பதிவறைக் கோப்புகளை உடனே நீக்கித் திருத்த அறிவிப்பு வெளியிடுங்கள். அதுவரை அந்த அறையைப் பூட்டி முத்திரையிடுங்கள். சாவி ஒப்பந்தக்காரரிடமோ பொறியியல் பிரிவிடமோ இருக்கக் கூடாது. விடைத்தாள்களைத் தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டும் ஒரே வாசல் வழியாக ஒரே நாளில் வெளியே போக வேண்டாம்.

பிறகு கோப்புகளைப் பிரித்துப் பார்க்க ஒரு குழு அமையுங்கள். எழும்பூரில் 1909 முதல் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலிருந்து ஒருவரை அனுப்பக் கேளுங்கள். வரலாற்றுத் துறையிலிருந்து ஒருவர், பதிவறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களில் இருவர், ஆய்வு மாணவர்களின் பிரதிநிதி ஆகியோரும் அதில் இருக்கட்டும். ஊதியம் கேட்க மாட்டோம். ஆர்.டிஸ். கோப்புகள் அனைத்தும் இருக்க வேண்டும். காலம் முடிந்த மற்றவற்றையும், நிலம், விடுதி, மாணவர் இயக்கம், கட்டுமானத் தொழிலாளர் பற்றியவையாக இருந்தால், குழு பார்க்காமல் அழிக்கக் கூடாது. அழிப்பவற்றின் பட்டியல் பல்கலைக்கழக இணையதளத்தில் வெளியாக வேண்டும்.

தரைத்தளத்தை விட்டு மேல்தளத்தில், வெயில் நேரே விழாத, காற்றோட்டமுள்ள ஓர் அறை வேண்டும். இரும்பு ரேக்குகள் சுவரை ஒட்டாமல் இருக்கட்டும். கரையானும் ஈரமும் சுவர் வழியாகத்தான் வருகின்றன. செலோடேப்பும் லேமினேஷனும் அந்த அறைக்குள் நுழையக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போதும், செலவே இல்லை. முறையாகப் பயின்ற ஆவணக் காப்பாளர் பணியிடம் ஒன்றை உருவாக்குங்கள். ஏற்கெனவே மூன்று வேலை பார்க்கும் உதவி நூலகருக்குக் கூடுதல் பொறுப்பு என்று ஆணை போட்டு முடித்துவிட வேண்டாம்.

அடுத்தது கண்காட்சி. ஆண்டு விழாவுக்கு மட்டும் என்றில்லாமல், நூலகத்தின் தரைத்தளத்தில் நிலையான ஓர் இடம் கொடுங்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் பொருள் மாறட்டும்: ஒரு பருவம் நிலம், ஒரு பருவம் விடுதி, ஒரு பருவம் ஆய்வகங்களும் அவற்றில் வேலை செய்தவர்களும், ஒரு பருவம் மாணவர் போராட்டங்கள். கடைசியாகச் சொன்னதைத் தவிர்க்கப் பார்ப்பீர்கள் என்று தெரியும், தவிர்க்காதீர்கள். மூலத் தாள்களை மங்கலான விளக்கில், சில வாரங்களுக்கு மேல் வைக்காமல், பிறகு நல்ல படிகளை வையுங்கள். விளக்கக் குறிப்புகள் தமிழில் இருக்க வேண்டும். நிலம் கொடுத்த ஊரிலிருந்து வருபவர் படிக்கும் தமிழில். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 9, பன்னாட்டு ஆவணக் காப்பக நாளில், சுற்றியுள்ள ஊர்களின் மக்களையும் ஓய்வுபெற்ற நான்காம் நிலைப் பணியாளர்களையும் அழைத்து, பெயரில்லாத குழுப் படங்களை அவர்கள் முன் விரியுங்கள். அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, அதையும் ஆவணமாகப் பட்டியலில் சேருங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது, சொல்லக்கூடியவர்கள் வயதானவர்கள்.

லேமினேஷன் செய்த அழைப்பிதழுக்கு வேறு படிகள் இருக்கின்றனவா என்று பழைய மாணவர்களிடம் கேட்டு அறிவிப்பு வெளியிடுங்கள். ஆண்டு தவறிய அந்தப் பட்டமளிப்பு விழாப் படத்தின் குறிப்பைத் திருத்துங்கள்.

ஒப்பந்தப்புள்ளி திறக்கும் நாளுக்கு முன்பாக, பதிவாளரின் கையெழுத்தோடு எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால், அழிக்க முடிவு செய்த கோப்புகளின் பட்டியலையும் ஒப்புதல் ஆணையின் நகலையும் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு அளிப்பேன். என்னோடு ஓய்வுபெற்ற பணியாளர்கள் சிலரும், நிலம் கொடுத்த குடும்பங்களைச் சேர்ந்த சிலரும் தனித்தனியே மனு அளிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அது போதாதென்றால் மேல்முறையீடும், அதன் பின் நீதிமன்றமும் உண்டு.

இப்படிக்கு,
பதிவறைக் கண்காணிப்பாளராக ஓய்வுபெற்ற பணியாளர் ஒருவர்